ஆறாம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிப்பது யாது?

(மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக் கிராமமொன்றில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

     

எம்மைப் பேச அழைத்தவர்கள் கல்வியைப் பற்றிப் பேசுக என்று மட்டும் சொன்னார்கள். கல்வி கடல் போன்றது. ஒரு மாலைப் பொழுதில் அதனை நீந்திக் கடக்க எம்மால் ஆகாது. ஆதலின் அக்கடலிலே ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். இடைநிலைக் கல்வியின் முதலாண்டு, அதாவது ஆறாம் வகுப்பு, அதுவே இன்று நாம் ஆராயும் பொருள்.

பத்தாம் பதினோராம் வகுப்பை விட்டு ஆறாம் வகுப்பை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பிலே நம் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமரும்வரை வீட்டிலே ஒரே ஆரவாரம். தாய் பிள்ளையோடு விழித்திருக்கிறாள். தந்தை நெல் விற்ற பணத்தில் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார். கோயிலிலே அருச்சனை நடக்கிறது. பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு மாலை விழுகிறது. தாண்டாத பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. அதன் பின்பு? அடுத்த தவணையில் அப்பிள்ளை எந்தப் புத்தகத்தைச் சுமந்து செல்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? இனி க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வரும்போதுதான் பெற்றோர் விழித்தெழுகிறார்கள். இடையிலே ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. இளம் பயிருக்கு நீர் பாய்ச்சாமல் விட்டுவிட்டுக் கதிர் வரும் காலத்தில் வரம்பிலே வந்து நின்று என்ன பயன்?

நாம் வாழும் இந்த மண்ணின் அமைப்பையும் சற்றே நோக்குங்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது நமது வாவி. கடலை ஒட்டிய கரை எழுவான்கரை; சூரியன் சாயும் இக்கரை படுவான்கரை. நகரும் பெரும் கல்லூரிகளும் அங்கே; வட்டைகளும் குளங்களும் நெல்லும் இங்கே. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் சிறு பாடசாலைகள் இப்பக்கத்துக் கிராமங்களிலே உண்டு. அங்கே படித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு என்றால் ஒரு வகுப்பு ஏறுவது மட்டுமன்று. பல கட்டை தூரம் நடக்க வேண்டும். அல்லது துவிச்சக்கர வண்டி மிதிக்க வேண்டும். அல்லது பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே பாதையில் ஏறி நீரைக் கடந்தவர்களுக்கு, மாரி காலத்து வாடைக்காற்றிலே அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்பதை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. பதினொரு வயதுச் சிறுவன் படிப்பை விடுகிறான் என்றால் அது பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. வெள்ளம் வந்த வாரம் ஒரு நாள், அறுவடை வாரம் இரண்டு நாள், மாடு பார்க்க ஒரு நாள் என்று நின்று நின்று, ஒரு நாள் அவன் பெயர் இடாப்பிலே சிவப்பு மையால் வெட்டப்படுகிறது. கட்டாயக் கல்வி வயது 5 முதல் 14 என 1998 முதல் நடைமுறையில் இருந்தது. 2016இல் அது 16 வரை உயர்த்தப்பட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டமா பிள்ளையைப் பாதையில் ஏற்றிவிடும்?

இந்த முதலாண்டு நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நூல்களுக்குள் புகுவோம். 1814இல் வெசுலியன் மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிகளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மறைந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்தது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. இவை நகரத்து விளக்குகள். கற்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலம் வேண்டுமானால் பணம் வேண்டும் என்றிருந்த காலம் அது. காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவர் கல்முனையிலும் புனித மிக்கேலிலும் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமாகி, பின்னர் சுவாமி விபுலானந்தராய் நமக்குக் கிடைத்தார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர் அவரே. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொல் ஆக்கிக் காட்டினார். இன்று உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பு விஞ்ஞான நூலைத் தமிழில் விரிக்கும்போது, அந்தப் பக்கங்களின் பின்னே நம் ஊர்த் துறவியொருவரின் உழைப்பும் இருக்கிறது என்பதை அதற்குச் சொல்லிக் கொடுங்கள்.

1945 ஒக்டோபர் முதலாம் திகதி முதல் கட்டணமில்லாக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த மத்திய கல்லூரித் திட்டம் நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கும் இடைநிலைக் கல்வியின் கதவைத் திறந்தது. வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரி அவ்வழி வந்ததே. 1981இல் அதே வளவிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்காக எழுந்த கட்டடம் பட்டதாரிகளை உருவாக்கும் இடமாக வளர்ந்த வரலாறு நமது மாவட்டத்திலேதான் இருக்கிறது.

இனி நூல்களுக்கு வருவோம். 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள் உங்கள் வீட்டிலே இருக்கின்றன. தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், சமயம், இரண்டாம் மொழியாகச் சிங்களம், குடியுரிமைக் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், அழகியற் பாடமொன்று என்று பட்டியல் நீள்கிறது. ஆரம்பப் பிரிவிலே ஓராசிரியர் தாயைப் போல எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ஆறாம் வகுப்பிலே மணி அடிக்க அடிக்க ஆசிரியர் மாறுகிறார். இந்த மாற்றமே பிள்ளைக்கு ஒரு பாடம். சிலருக்கு அது ஒரு பயமும் ஆகும்.

கணித நூலை முதலில் திறப்போம். வட்டம், இடப்பெறுமானம், முழுவெண், நேரம், எண்கோடு, மதிப்பீடும் மட்டந்தட்டலும், கோணம், திசை, பின்னம், காரணிகளும் மடங்குகளும், தசமம், நீளம், திரவ அளவீடு, திண்மம், திணிவு, விகிதம், அட்சரகணிதக் குறியீடு, தரவு சேகரித்தல், சுட்டி, பரப்பளவு: இவை அதனுள்ளே இருக்கின்றன. உழவர் பெருமக்களே! இந்தப் பெயர்களைக் கேட்டு இவை நமக்கு அன்னியம் என்று நினைத்துவிடாதீர்கள். இவற்றுள் பெரும்பாலானவை உங்கள் வயலிலும் களவெட்டியிலும் நாள்தோறும் நடப்பவை.

ஒரு வயல் துண்டு நீளம் 60 மீற்றர், அகலம் 40 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை பரப்பளவு 2400 சதுர மீற்றர் என்று உடனே சொல்லும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். எனவே அத்துண்டு ஐந்தில் மூன்று ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. உழவு இயந்திரக்காரர் வரம்பிலே நின்று கண்ணால் பார்த்து, ‘முக்கால் ஏக்கர் வரும் அண்ணே’ என்கிறார். நீங்களும் தலையசைத்து முக்கால் ஏக்கருக்குக் கூலி கொடுக்கிறீர்கள். கொடுக்க வேண்டியதற்கு மேலாக நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. அவர் ஏமாற்றுகிறார் என்று நாம் சொல்லவில்லை. அவரும் அளக்கவில்லை, நீங்களும் அளக்கவில்லை. வீட்டிலே அளக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவருக்கு வயது பதினொன்று.

விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்துக் கொள்கலனிலே ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் என்று எழுதியிருந்தால், 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவிக்கு 80 மில்லிலீற்றர் போதும். மூடியால் அளந்து, ‘இன்னும் ஒரு மூடி இருக்கட்டும்’ என்று ஊற்றும் பழக்கம் நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது! பணமும் போகிறது, மண்ணும் கெடுகிறது, தெளிப்பவரின் நெஞ்சும் கெடுகிறது. இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவ அன்பர்கள் மூன்றாவதைப் பற்றி எம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடைசெய்தபோது, இருந்த சிறிதளவு உரத்தை எந்த அளவிலே பங்கிடுவது என்று அறியாமல் நம் உழவர் திகைத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தடை அவ்வாண்டு நவம்பரிலே விலக்கப்பட்டது; இழந்த விளைச்சலை எவரும் திருப்பித் தரவில்லை.

நெல் விற்கும்போது மூடைக்கு 2 கிலோ கழிவு என்கிறார் வியாபாரி. 2 கிலோதானே என்று விட்டுவிடுகிறோம். நூறு மூடை விற்றவர் 200 கிலோவை இனாமாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். களவெட்டியிலே நெல்லை நெல் என்று சொல்லாமல் ‘பொலி’ என்று மரியாதையோடு அழைக்கும் மக்கள் நாம். அந்தப் பொலி தராசுக்கு வந்ததும் மரியாதை எங்கே போயிற்று? நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணையிலே சிக்கித் தவித்த தாய்மார்கள் பலர் நம் கிராமங்களிலே உண்டு. வட்டிக் கணக்கு ஆறாம் வகுப்பிலே இல்லைதான். ஆனால் பின்னமும் தசமமும் விகிதமும் இல்லாமல் வட்டிக் கணக்கு ஒருநாளும் விளங்காது.

ஒரு சிறு குறிப்பு. அந்நூலிலே ‘திசைகள்’ என்றொரு பாடம் இருக்கிறது. கிழக்கை எழுவான் என்றும் மேற்கைப் படுவான் என்றும் சொல்லும் மக்களின் பிள்ளைகளுக்கு அப்பாடத்தை வாவிக் கரையிலே நின்று பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். வகுப்பறைச் சுவரிலே நான்கு அம்புக்குறி வரைந்து காட்டும் ஆசிரியர் சற்றே வெளியே வந்தால் போதும்.

விஞ்ஞான நூல் இதனினும் நமக்கு நெருக்கமானது. உயிருலகின் விந்தை, நம்மைச் சூழவுள்ள பொருள்கள், நீர் என்னும் இயற்கை வளம், அன்றாட வாழ்வில் சக்தி, ஒளியும் பார்வையும், ஒலியும் கேட்டலும், காந்தம், மின், வெப்பம், உணவுத் தொடர்பு, வானிலையும் காலநிலையும் என்று அது விரிகிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் இந்நூலைப் படிக்கலாம். ஆயினும் வாவிக் கரையிலிருந்து படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு மலைநாட்டுப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் கிடையாது.

நீரைப் பற்றிய பாடத்திலே நன்னீர், சவர்நீர், கடல்நீர் என்னும் வேறுபாடு பேசப்படுகிறது. மூன்றும் நம் கண்முன்னே கிடக்கின்றன. உன்னிச்சைக் குளத்து நீர் நன்னீர். பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு அப்பால் கடல்நீர். இரண்டுக்கும் நடுவே வாவி. ஒரு முட்டையை நன்னீரிலே இட்டால் தாழும். உப்பு மிகக் கரைத்த நீரிலே இட்டால் மிதக்கும். இச்சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டுமா? ஆனால் முட்டையோடு நின்றுவிடலாகாது. மாரி பெய்து ஆறுகள் பெருகும்போது வாவி நிரம்புகிறது. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கொண்டிருந்தால் நீர் வெளியேற வழியில்லை. பள்ள வயல்கள் மூழ்குகின்றன. முகத்துவாரத்தை வெட்டிவிடுக என்று உழவர் கூக்குரலிடுகிறார்கள். வெட்டினால் வெள்ளம் வடியும். ஆனால் வாவி நீர் வேகமாய் இறங்கும், கடல்நீர் உள்ளே ஏறும், இறாலும் மீனும் நம்பி வாழும் மக்களுக்கு அது வேறு கணக்கு. எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கு. வழக்கின் இரு தரப்பையும் பதினொரு வயதிலே புரிந்துகொண்ட பிள்ளை, முப்பது வயதிலே நீர்ப்பாசனப் பொறியியலாளராகவோ விவசாயச் சங்கத் தலைவராகவோ அமர்ந்து தீர்ப்புச் சொல்லும்போது அதன் சொல்லுக்கு எடை இருக்கும்.

ஒலியைப் பற்றிய பாடத்துக்கு வருவோம். பாடும் மீன்களால் உலகுக்கு அறிமுகமான ஊர் நமது ஊர். முழுநிலவு இரவிலே தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறு முனையைக் காதோடு வைத்துக் கேட்கும் வழக்கத்தை முதியோர் அறிவர். அது வெறும் வேடிக்கையன்று. ஒலி பரவ ஊடகம் வேண்டும். வளியைவிட நீரிலும், திண்மப் பொருளிலும் அது வேகமாய்ச் செல்லும். வளியிலே வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர். நீரிலே ஏறத்தாழ 1500 மீற்றர். நீரிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து காதுக்கும் ஒலி ஏறிவரும் வழியை நம் வலைஞர் எந்த நூலும் படிக்காமல் கண்டுவைத்திருந்தனர். பாடுவது மீனா, சிப்பியா, வேறெதுவுமா என்று இன்னும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். விடை முடிந்துபோகாத கேள்வியொன்று வீட்டு வாசலிலே கிடப்பது விஞ்ஞானம் கற்கும் பிள்ளைக்குப் பெரும் பேறு. கல்லடிப் பாலத்திலே நின்று படம் பிடிக்க வருகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே ஆறாம் வகுப்பை அழைத்துச் சென்று ஒலிப் பாடம் நடத்திய பாடசாலைகள் எத்தனை?

காலநிலையைப் பற்றி நாம் நீட்டப் போவதில்லை. வாடையும் கச்சானும் எக்காலத்தில் வீசும் என்று உங்களுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதாகும். ஒன்று மட்டும் சொல்வோம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இம்மாவட்டத்தைச் சூறையாடியதை நேரிலே கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டவர்கள் அதிகம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் அளந்து எழுதிவைக்கட்டும். அருகிலே அமர்ந்து பாட்டனார் 1978ஐச் சொல்லட்டும். கணித நூலிலே ‘தரவு சேகரித்தல்’ என்று வரும் பாடமும் அத்தோடு முடிந்துவிடும்.

வரலாற்றைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் எம்மை விடமாட்டீர்கள். வரலாற்றை எச்சான்றுகளைக் கொண்டு அறிவது என்ற கேள்வியும், இந்நாட்டின் ஆதிக் குடியிருப்புக்களும், பண்டைய அரசர் கதைகளும் ஆறாம் வகுப்பிலே தொடங்குகின்றன. நமது மக்களின் வரலாறு அதிலே எவ்வளவு இடம் பெற்றிருக்கிறது என்னும் குறை பழையது, நியாயமானதும் ஆகும். அக்குறையை உரியவிடத்திலே தொடர்ந்து சொல்ல வேண்டும். ஆனால் குறை சொல்லிக்கொண்டே, வீட்டிலே இருக்கும் விளக்கை ஏற்றாமல் இருந்தால் இருட்டு யாருடைய தவறு? சான்று என்றால் என்ன என்று நூல் கேட்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றி, பின்னர் நெடுங்காலம் கச்சேரியாக இயங்கிய மட்டக்களப்புக் கோட்டை கண்முன்னே நிற்கிறது. 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் இருக்கிறது. 1964இல் பண்டிதர் வீ.சீ. கந்தையா தந்த மட்டக்களப்புத் தமிழகம் இருக்கிறது. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் கோயிலோடு கூடிய உரிமைகளும் முறைகளும் இருக்கின்றன. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் வாழும் முஸ்லிம் மக்களோடு தலைமுறை தலைமுறையாய் நாம் கொண்ட கொள்வினையும், இடையிலே ஓடிய குருதியும் இருக்கின்றன. மான்மியத்தில் சொன்ன அனைத்தும் நடந்தது என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். எது கதை, எது சான்று என்று பிரிக்கச் சொல்லுங்கள். தன் வீட்டுக் கதையைத் துணிந்து சோதித்த பிள்ளை, பிறர் தரும் கதையையும் சோதிக்கும். அதுவே நமக்கு வேண்டும்.

இரண்டாம் மொழியாய்ச் சிங்களம் கற்பதைப் பற்றிச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் நம்மை எவ்விடத்திலே நிறுத்தியது என்பதை நாம் அறிவோம். சூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் அறவழி நின்றோர் மீது நிகழ்ந்ததையும் அறிவோம். அன்று எதிர்த்தது ஒரு மொழியைக் கற்பதையன்று; அம்மொழி நம்மீது ஏறி அமர்வதை. 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தமிழுக்கு அரசகரும மொழித் தகுதியை எழுத்திலே தந்தன. எழுத்திலே உள்ளது காரியாலயத்திலே நடக்கவில்லை என்பதற்குச் சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்கள் சான்று. அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு யாரிடமோ போய்க் கைகட்டி நிற்கும் நிலையைவிட, நாமே படித்துவிட்டு, இதனைத் தமிழிலே அனுப்புக என்று திருப்பி எழுதும் நிலை மேலன்றோ? கூடவே இன்னொன்றையும் கேட்போம். சிங்களப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலே இரண்டாம் மொழி தமிழ். அதனைச் சொல்லிக் கொடுக்க அம்பாந்தோட்டைப் பாடசாலையிலே ஆசிரியர் இருக்கிறாரா?

அழகியற் பாடத்தை எளிதாய் எண்ணுவோரும் உளர். வடமோடியும் தென்மோடியும் இரவிரவாய் ஆடிய களரிகள் நம் ஊர்க் களரிகள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போரை மேடையேற்றியபோதுதான் படித்தவர்கள் பலர் கூத்தைக் கண்ணெடுத்துப் பார்த்தனர். ஆறாம் வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் தெரிவுப் பாடமாய் இருக்கிறது. ஊரிலே அண்ணாவியார் இருக்கிறார். இருவரையும் ஒரு வளவிலே கூட்டிவைக்க எந்தச் சுற்றறிக்கை வேண்டும்?

செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்னும் பாடத்தைப் பார்க்கும்போது பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. 1972இன் சீர்திருத்தத்திலே ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அந்தந்த ஊர்த் தொழிலை அந்தந்தப் பாடசாலையிலே கற்பிப்பது என்பதே கருத்து: கடலோரத்திலே மீன்பிடி, வயலோரத்திலே வேளாண்மை, களிமண் உள்ள இடத்திலே மட்பாண்டம். 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. நம்மவருள்ளே அன்று அதனை எதிர்த்தோர் பலர். பட்டணத்துப் பிள்ளைக்குப் பௌதிகமும் நம் பிள்ளைக்கு மண்வெட்டியுமா என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வியிலே நியாயம் இருந்தது. தொழிலைக் கற்பிப்பது தவறன்று; ஏழையின் பிள்ளையை அத்தொழிலோடு கட்டிப்போட அதனைக் கருவியாக்குவதே தவறு. வலை பின்னுவதிலும் நீர் பாய்ச்சுவதிலும் உள்ள விஞ்ஞானத்தைப் பட்டணத்துப் பிள்ளையும் நாட்டுப்புறப் பிள்ளையும் சமமாய்க் கற்றால் அதில் இழிவென்ன?

ஏனைய பாடங்களைப் பற்றி விரித்துரைக்க நேரமில்லை. சமயமும் சுகாதாரமும் நம் வீடுகளிலே ஓரளவு கவனம் பெறுகின்றன. ஆங்கிலத்துக்கு நாம் சொல்லாமலே பணம் செலவிடுகிறீர்கள்.

இவ்வளவும் நூலிலே இருப்பது. நூலிலே இருப்பது பிள்ளையின் நெஞ்சிலே ஏறுகிறதா என்பதே கேள்வி. ஒரு கசப்பான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆறாம் வகுப்பிலே வந்தமர்ந்த பின்பும் ஒரு பந்தியைத் தட்டுத் தடங்கலின்றி வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பிள்ளையின் கையிலே ‘ஒளித்தொகுப்பு’, ‘ஊடகம்’, ‘திணிவு’ என்னும் சொற்கள் நிறைந்த நூலைக் கொடுக்கிறோம். அது விஞ்ஞானத்திலே தோற்கவில்லை, தமிழிலே தோற்கிறது. ஆனால் அறிக்கைப் புத்தகத்திலே விஞ்ஞானத்துக்கு நேரேதான் புள்ளி குறைகிறது. தந்தையும் ‘இவனுக்கு விஞ்ஞானம் ஏறாது’ என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆறாம் வகுப்பின் முதல் தவணையிலே, எந்தப் பாட ஆசிரியரானாலும் சரி, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் செய்து பார்க்க வேண்டும். இயலாத பிள்ளைக்கு அவ்வாண்டே கைகொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் போன பின்பு வெட்கம் வந்து வாயை அடைத்துவிடும்.

ஆசிரியர் இல்லாத குறையையும் மறைக்க வேண்டியதில்லை. நியமனம் பெற்று இக்கரைக்கு வருவோர் சிலர், வந்த நாளிலேயே இடமாற்ற விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நாள்தோறும் வாவி கடந்து வந்து, வெள்ளத்திலும் நின்று கற்பிக்கும் ஆசிரியர்களும் இந்த அவையிலே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் ஒருவரின் தியாகத்தை நம்பி ஒரு வலயத்தின் கல்வியை நடத்த இயலாது. தங்குவதற்கு வீடு, வருவதற்கு வண்டி, இத்தனை ஆண்டு பணியாற்றினால் இன்ன சலுகை என்று முறைப்படி செய்ய வேண்டியவர் யாரோ அவரிடம் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது? மாகாணப் பாடசாலைகளைப் பார்க்க வேண்டியது மாகாண சபை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காய்த் தேர்தல் நடவாமல், நாம் தேர்ந்த பிரதிநிதிகள் இருக்க வேண்டிய இடத்தை ஆளுநரும் அலுவலரும் நிரப்பினர். ஆறாம் வகுப்பிலே கணித ஆசிரியர் இல்லையே என்று முறையிடும் தாய், அரசியல் பேசவில்லை என்று எண்ணுகிறாள். அவள் பேசுவதே அரசியல்.

முதலாம் தரத்திலும் ஆறாம் தரத்திலும் தொடங்கிப் படிப்படியாய்ப் பாடத்திட்டம் முழுவதையும் மாற்றப் போவதாகக் கல்வி அமைச்சு 2025இல் அறிவித்தது. சிறு சிறு அலகுகளாய்ப் பாடங்களைப் பகுத்துக் கற்பிப்பது அதன் முறை. அதன் நன்மை தீமைகளைப் பற்றி நாடெங்கும் வாதம் எழுந்தது, எழ வேண்டியதே. எமக்குள்ள கேள்வி வேறு. கொழும்பிலே அலகு தயாராகும் நாளுக்கும், அது நல்ல தமிழிலே பெயர்க்கப்பட்டு, அதனைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு வெல்லாவெளிக்கும் கரடியனாற்றுக்கும் வந்து சேரும் நாளுக்கும் இடையே எத்தனை மாதம்? புதிய நூல் வரும்போதெல்லாம் தமிழ்ப் பிள்ளைக்கு அது பிந்தியும் பிழையோடும் வந்த அனுபவம் நமக்கு உண்டு. இங்கே வந்திருக்கும் பொறியியலாளர்களும் மருத்துவர்களும் தத்தம் துறைப் பகுதியைத் தமிழ் நூலிலே படித்து, பிழை கண்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கு எழுதலாம். மாலையில் ஒரு மணி நேரம் போதும்.

பெற்றோர்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றால் சுற்றுமதிலுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பணம் சேர்ப்பது மட்டும் என்று நினைத்துவிட்டோம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஆறாம் வகுப்பின் நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடவேளை ஆசிரியரின்றிக் கழிகிறது என்று அதிபரிடம் கேளுங்கள். அதிபரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் எழுதிய கடிதங்களின் பிரதி அவரிடமே இருக்கும். அதனோடு உங்கள் கையொப்பங்களையும் சேர்த்து வலயப் பணிமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஐந்தாம் வகுப்போடு முடியும் பாடசாலைகளிலிருந்து இவ்வாண்டு வெளியேறிய பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவரும் எந்த ஆறாம் வகுப்பிலே இருக்கிறார் என்று எதிரே குறியுங்கள். எதிரே குறிக்க இடமில்லாத பெயர் எதுவோ, அந்த வீட்டுக்கு இந்த வாரமே இருவராய்ப் போங்கள். தூரம் காரணமானால் வண்டிக்கு வழி செய்வோம். மாடு காரணமானால் தந்தையோடு பேசுவோம். அந்தப் பட்டியலை எழுதத் தாளும் பேனாவும் இம்மேசையிலே வைத்திருக்கிறோம்.